கடைசி வரியில் ஒட்டிய அம்பு

நிர்மலாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுபோகும். பாத்திரத்தை உருட்டமாட்டாள், கதவை அறைந்து சாத்தமாட்டாள். கல்யாணம் ஆகி இருபத்தோரு வருஷத்தில் அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை. அந்த வியாழக்கிழமை காலையில், சின்னவள் தேஜஸ்ரீக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது கை தானாக இறுகியது.

"அம்மா, வலிக்குது! யாரு மேல கோவம்?"

"யாரு மேலயும் இல்ல. நேரா நில்லு கண்ணு."

சொல்லத் தொடங்கினால் ஒரு கோயில் நிறைய ஆள் தேறும்.

அவள் கணவன் செல்வக்குமாரின் குலதெய்வக் கோயில் அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் கும்பாபிஷேகம். எட்டுத் தலைமுறைப் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதிப்பது என்று பங்காளிகள் கூடி முடிவு செய்திருந்தார்கள். பெயர்களை யார் சேகரிப்பது என்று வந்தபோது கமிட்டியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பெரியவள் கவிப்பிரியாவின் தலையில் அந்த வேலை வந்து விழுந்தது. ஒரு மாதம் வீடு வீடாகப் போன் போட்டாள். "பெரியப்பா, உங்க அப்பாரு கூடப் பொறந்தவிய எத்தனை பேருங்க? மூத்தவரு பேரு என்னங்க?" என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வரிசையாகக் கம்ப்யூட்டரில் அடித்தாள். கடைசியில், தன் அப்பாவின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் தங்கையின் பெயரையும் அடித்துவிட்டு, "அம்மா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டுக் காட்டினாள். அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் நிர்மலாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கல்லில் விழுந்த பிறகு திருத்த முடியாது, பங்காளி வீடு ஒவ்வொன்றும் சம்மதம் சொன்னால்தான் கல்லில் கை வைப்பேன் என்று கல் வெட்டுகிறவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் புதன்கிழமை எல்லோருடைய போனுக்கும் பெயர்ப் பட்டியலின் படம் வந்தது. செல்வக்குமார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். இருந்தது. 'ஓகே' என்று அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

வியாழன் காலையில் டிபன் டப்பாவை மூடிவிட்டு அந்தப் படத்தை விரலால் விரித்துப் பார்த்தவள் நிர்மலாதான். செல்வக்குமார் என்ற பெயருக்குக் கீழே பிள்ளைகள் இல்லை. 'வாரிசு இல்லை' என்று இருந்தது.

"ஏனுங்க, இதப் பாத்தீங்களா?"

செல்வக்குமார் பார்த்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அண்ணன்தான் மாத்தியிருப்பாரு. ஆம்பளப் பசங்க பேரு மட்டுந்தான் போடறது. அது முறை" என்றான்.

"பேரு போடாம உட்டா உடட்டுங்க. இல்லைன்னு எதுக்குங்க எழுதோணும்?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத. ஓகே குடுத்தாச்சு."

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. நிர்மலா போய் ஏறிக்கொண்டாள்.

பெருமாநல்லூர் கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். எட்டாவதோடு படிப்பு நின்றபோது அந்த மேஜைக்கு முன்னால் நின்றவள்தான். தைத்து வரும் பீஸை விரித்து, கழுத்து, தோள், கை, ஓரம் என்று கண்ணை ஓட்டுவாள். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். நகம் அளவுதான் இருக்கும். அதை ஒட்டிவிட்டால் சூப்பர்வைசரும் அந்தப் பீஸைப் பெட்டியில் போட முடியாது. வாயைத் திறக்காமலே 'இது தப்பு' என்று சொல்லக் கிடைத்த ஒரே இடம் அவளுக்கு அந்த மேஜைதான்.

அன்று பீஸ்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் மனம் மட்டும் மாமனார் நல்லானின் கட்டிலுக்குப் போய்ப் போய் வந்தது. பக்கவாதம் வந்து, சாவதற்கு முன் எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மூத்த மகன், கமிட்டியை நடத்தும் பழனிமுத்துவின் வீடு பெரிய வீடு. ஆனால் அங்கே இடமில்லை. இரண்டு அறை உள்ள இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்து போட்டார்கள். நிர்மலா வேனில் ஏறிய பிறகு அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் கவிப்பிரியா. அவருடைய மலத்துணியை அலசிப்போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனவளும் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருடைய கால் நகத்தை வெட்டியவள் தேஜஸ்ரீ. பழனிமுத்துவின் மகன் ஒரு தடவை வந்தான். தாத்தாவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். உள்ளே நாற்றம் அடிக்கிறது என்று வாசலிலேயே நின்று காப்பி குடித்துவிட்டுப் போனான். அவன் பெயர் கல்லில் இருக்கிறது.

கவிப்பிரியாவுக்கு நல்லானின் புருவம். யோசிக்கும்போது அவரைப் போலவே கீழ் உதட்டைக் கடிப்பாள். தேஜஸ்ரீக்கு அவர் பிடிவாதம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதெல்லாம் இல்லாமல் போய்விடுமா? நிர்மலாவின் அப்பா கோயிலிலும் அவள் பெயர் இல்லை, கட்டிக்கொடுத்த பிள்ளை. இங்கேயும் இல்லை, வந்து சேர்ந்தவள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் தன் கையாலேயே எட்டுத் தலைமுறையை எழுதிய பிள்ளையை இல்லை என்று எழுதியதை விழுங்க முடியவில்லை. திங்கட்கிழமை கல் வெட்ட ஆரம்பிக்கிறார்கள். மாற்றியது தெரியாமல், கும்பாபிஷேகத்தன்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போய்த் தன் பெயரைத் தேடப்போகிறாள் கவிப்பிரியா.

சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது, மேஜையில் இருந்த அம்பு ஸ்டிக்கர் தாளில் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கல்லின் அளவுக்கே பெரிய தாளில் பெயர்களை அச்சடித்து மண்டபச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து பந்தல் எவ்வளவு நீளம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பின்னால் மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிர்மலா கத்தரிக்காய் ஒரு கூடை நறுக்கினாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனாள்.

மேல் இடது மூலையில் ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் அடுப்படியில் உட்கார்ந்து, யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்குத் தம்பி என்று மற்றவர்கள் பேசியதைக் காதில் வாங்கியவள். நான்காம் தலைமுறையில் அண்ணன் தம்பி வரிசை மாறியிருந்தது. ஓர் அம்பு. ஐந்தாம் தலைமுறையில் ஒருவர் பெயர் இரண்டு தடவை வந்திருந்தது. இன்னோர் அம்பு. அப்பா இருக்க வேண்டிய இடத்தில் மகன் இருந்தான். ஒருவர் விட்டே போயிருந்தார். நான்கு அம்புகள் ஆயிற்று. கடைசி வரிக்குக் குனிந்து, 'வாரிசு இல்லை' என்பதன் மேல் ஐந்தாவதை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அட, யாரு இதுல பொட்டு வெச்சது?" என்று பழனிமுத்து எழுந்து வந்தார்.

"நானுங்க மாமா. தப்பு இருக்கற எடத்துல ஒட்டியிருக்கறனுங்க."

அவருடைய மனைவி விஜயராணி பின்னாலிருந்து சிரித்தாள். "ஆறு நாள் கம்பெனியில ஒட்டுனது பத்தலையாட்டம் இருக்குது!"

பழனிமுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரியவர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து, "ஆமப்பா, வரிசை மாறித்தான் கெடக்குது. கல்லுல ஏறியிருந்தா மானம் போயிருக்கும்" என்றார்கள். பழனிமுத்துவின் முகம் மலர்ந்தது. "நல்ல வேலை பண்ணுன நிர்மலா" என்றவர், ஐந்தாவது அம்பிடம் வந்து நின்றார்.

"இது தப்பில்லியே சாமி. பொட்டப்புள்ளைக நாளைக்குக் கட்டிக்குடுத்தா வேற கோயிலுக்குப் போயிருமல்லொ."

"போகட்டுங்க. இன்னைக்கு இருக்குதுங்களே."

"முறைன்னு ஒண்ணு இருக்குது."

"அப்ப அவிய பேரையும் எடுத்துப்போடுங்க" என்று கணவனைக் காட்டினாள்.   "மாமனாரு பீ மூத்திரம் அள்ளுன பிள்ளைக ரண்டும் இல்லைன்னா, அந்த ஊடே இல்லைன்னு போட்டுக்கோங்க."

 பழனிமுத்து நகத்தால் அம்பைச் சுரண்டி எடுத்துத் தரையில் போட்டார். நிர்மலா பையிலிருந்து இன்னொன்றை உரித்து அதே இடத்தில் ஒட்டினாள். அவர் அதையும் சுரண்டினார். அவள் மறுபடியும் ஒட்டினாள்.

"செல்வா, உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லு. நீ ஓகே குடுத்தவன்தானே?"

எல்லோரும் செல்வக்குமாரைப் பார்த்தார்கள். அவன் செருப்பைப் பார்த்தான். நிர்மலா அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, தப்பான சாம்பிளுக்கு ஓகே குடுத்துட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? ஆயிரம் பீஸ் வெட்டுவீங்களா, கத்தியை நிறுத்துவீங்களா?"

 அவள் நகரவில்லை. அவன் போனை எடுத்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமலே, கல் வெட்டுகிறவருக்கு ஒரு வரி அனுப்பினான். "எங்க ஊட்டு ஓகே கேன்சல் பண்ணியிருக்கறனுங்ண்ணா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "பிள்ளைக பேரு வந்த பொறவு குடுக்கறேன்."

பழனிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை. தான் நறுக்கிய கத்தரிக்காய் அடுப்பில் வேகும் வாசம் வந்தது. நிர்மலா வண்டியில் ஏறினாள்.

பாதி வழியில் செல்வக்குமார் கேட்டான்: "இன்னும் கோவமா?"

"ஆமாங்க."

"அதான் நிறுத்தீட்டன்ல?"

"நான் கேட்ட பொறவுதானுங்க."

அவன் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

வீட்டில் கவிப்பிரியா புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவந்தாள். "அம்மா, என்ற லிஸ்ட்டப் பாத்தாங்களா? தப்பு ஏதாவது இருந்துச்சா?"

நிர்மலா கையில் மிஞ்சியிருந்த ஸ்டிக்கர் தாளை மேஜையில் வைத்தாள்.

"அஞ்சு இருந்துச்சு கண்ணு. நாலு உன்றது. லேப்டாப்ப எடு, சொல்றேன்."

"அஞ்சாவது?"

நிர்மலா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

"அதை உங்கப்பா சொல்லுவாரு. கேளு."