கூப்பிடு தூரம்

போன சனிக்கிழமை காலை 9.40-க்கு என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘எதிர்மேட்டு ஊர் – கூப்பிடு தூரம். 15 நிமிடம்.’

இந்த ஒரு வரியால் என் மகள் என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் நோட்டைத் தெரியும். குடும்பத்தோடு மலையேறப் போனால் புறப்பட்ட நேரம், ஓய்வு, குடித்த தண்ணீர் – எல்லாம் அதில் ஏறிவிடும். இந்த முறை கொல்லிமலை. மனைவி, பதின்மூன்று வயது யாழினி, ஆறு வயது கதிர், நான்.

திண்ணனூர் நாடு என்கிற மலையூர்த் தொகுதியில் ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்தது. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், எதிர்மேட்டு ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“கூப்புடு தூரந்தானுங்க.”

நான் நம்பாதது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். எதிர்மலையைப் பார்த்துக் கையைக் குவித்தார். “ஏ... செல்லாயி!”

“என்னக்கா...” – உடனே பதில் வந்தது.

“கேட்டுச்சுங்களா? எந்தங்கச்சிதானுங்க.”

கேட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எழுதிவிட்டேன்.

யாழினி அப்போதே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். புது ஷூ. “குதிகால் வலிக்குதுப்பா. திரும்பிடலாமா?”

“பதினஞ்சு நிமிஷம்தான் கண்ணு.”

குரல் பள்ளத்துக்கு மேலே போய்விட்டது. நாங்கள் பள்ளத்துக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி செங்குத்தாக ஏற வேண்டியிருந்தது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது குரலின் தூரம். நான் எழுதிக்கொண்டது காலின் தூரம்.

பதினைந்து நிமிடம், இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆனது. கதிரை நானும் மனைவியும் மாற்றி மாற்றித் தூக்கினோம். யாழினி நடந்தாள். “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மேலே செல்லாயி தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். யாழினியின் ஷூவைக் கழற்றியவர் கை அப்படியே நின்றது. சாக்ஸ் ரத்தத்தில் தோலோடு ஒட்டியிருந்தது.

“ஏனுங்க, இந்தக் காலோடயா புள்ளைய நடக்க உட்டீங்க? ஒரு சத்தம் கூப்புட்டிருந்தா நாங்க வந்து தூக்கியிருப்பமுங்களே!”

கூப்பிடலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தபோது யாழினி நோட்டைக் கேட்டாள். புரட்டிப் பார்த்தாள்.

“கால் வலிக்குதுன்னு ஆறு தடவை சொன்னேன். ஒண்ணுகூட இதுல இல்லையேப்பா?”

இல்லை. கதிர் தின்ற வாழைப்பழம் இருந்தது. ஓடையில் முகம் கழுவிய நேரம் இருந்தது...

“இனிமே நான் வரலை” – அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பிள்ளைகள் ‘வலிக்கிறது’ என்றால் நமக்கு ஏன் முதலில் ‘அடம்’ என்றே கேட்கிறது? அந்த மலையில் ஒரு பெண்ணின் குரல் பள்ளம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. என் பக்கத்தில் நடந்தவளின் குரல் என்னிடம் வந்து சேரவில்லை.

நேற்று நோட்டில் அந்த நாள் பக்கத்தின் ஓரத்தில், விட்டுப்போன ஆறு தடவையையும் நேரம் போட்டு எழுதி அவள் மேசையில் வைத்தேன். இன்று காலை நோட்டு ஹாலுக்கு வந்திருந்தது. நான் சொருகிய பேனாகூட நகரவில்லை.

இதை எழுதும்போது அடுத்த அறையில்தான் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது.

கூப்பிடு தூரம்தான்.