செவலை தின்ற பதினொரு வீட்டுப் பொங்கல்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கண்டிப் பக்கம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் நடந்தது இது. லயத்தில் ஒட்டினாற்போல் வரிசையாகப் பதினொரு வீடு. மாடு என்று இருந்தது எங்கள் செவலை மட்டும்தான். நாலு மாதச் சினை. அதனால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு நிறுத்தியிருந்தேன். ஒரே மாடு என்பதால் எல்லா வீட்டுப் படையலும் அதற்குத்தான். "இந்தாடி ராசாத்தி" என்று ஆளுக்கு ஆள் ஊட்டினார்கள். செவலையும் வாயை மூடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தட்டு வைத்தால் நான் சும்மா இருப்பேனா? பானையோடு வைத்தேன்.

மறுநாள் பார்த்தால் மாடு எழும்பவில்லை. அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. சாணம் தண்ணீராய்ப் போய், புளித்த மாவு வாடை அடித்தது. மாடு போனால் வயிற்றுக் கன்றும் போய்விடுமே! என் வீட்டுக்காரர் கண்டிக்கு ஓடி மாட்டு டொக்டரைக் கூட்டிவந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். மெலிந்த தேகம், குரல் மட்டும் கணீர்.

"நேற்று என்ன குடுத்தனீங்கள்?"

"பொங்கல்தாங்க. ஒரு கைப்பிடி" என்றேன். பானையோடு வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? மானம் போகுமே.

அவர் செவலையின் வயிற்றை அமுக்கினார். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம். "ஒரு கைப்பிடிக்கு இப்பிடி வராதம்மா. உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி மருந்து பிழைச்சுப்போம். பசுவும் இல்லை, கன்றும் இல்லை."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பானைங்க" என்றேன். உடனே பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "நான் ரெண்டு தட்டு" என்றாள். "நாங்க ஒரு சட்டிங்க." "நான் வாழப்பழமும் சேத்து." கடைசி வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "சாயங்காலம் மிஞ்சினதையும் நான்தான் வச்சேன்."

டொக்டர் சிரித்தே விட்டார். "மாட்டைக் கும்பிட்டது சரி, அதின்ர வயித்திலயும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்!"

பிறகு விளக்கினார். புல் தின்னும் வயிற்றில் சோறும் வெல்லமும் குவிந்தால் புளித்து, உட்சுவர் புண்ணாகுமாம். அந்தப் புண் வழியே கிருமிகள் இரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போகுமாம். அங்கே அவை கக்கும் விஷம், எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களையே கொன்று சீழ்க்கட்டியை உண்டாக்குமாம். "வெளியில ஒண்டும் தெரியாது. அநேகமா இறைச்சிக்கு வெட்டேக்கைதான் கண்டுபிடிக்கிறது" என்றார். எனக்கு ஈரக்குலை நடுங்கியது.

குழாய் விட்டுப் புளித்ததை வெளியே எடுத்தார். மிச்சப் புளிப்பை முறிக்க அப்பச் சோடா கேட்டார். முதல் நாள் பொங்கலோடு வந்த அதே கைகள் சோடாப் பொட்டலத்தோடு ஓடிவந்தன. "போதும் போதும், இதையும் அள்ளிக் கொட்டாதேங்கோ!" என்று தடுத்து, அளந்து கரைத்து ஊற்றினார். கிருமிக்கு ஊசியும் போட்டார். தீனி காய்ந்த புல் மட்டும்.

மூன்றாம் நாள் செவலை மெல்ல அசை போட்டது. லயமே கைதட்டியது. டொக்டர் சில வாரங்கள் வந்து காய்ச்சல் பார்த்தார். ஈரலுக்கு ஆபத்தில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஐந்து மாதத்தில் நெற்றிச் சுட்டியோடு கிடாரிக் கன்று! அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கொரு புல்லுக்கட்டு வந்தது. பொங்கல் ஒரு சிட்டிகை, அதுவும் நெற்றியில் தொட்டு வைக்க.

இப்போது எனக்குச் சீனி வியாதி. கிளினிக்கில் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "கொஞ்சம்தாங்க" என்று நாக்கு நுனிவரை வரும். உடனே செவலை ஞாபகம் வந்து, காலையில் தின்ற இரண்டு வடையையும் சொல்லிவிடுவேன். அன்று மானத்துக்குப் பயந்து இன்னும் கொஞ்ச நேரம் உண்மையை மறைத்திருந்தால் அந்தச் சுட்டிக் கன்றை நான் பார்த்தே இருக்க மாட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.