எருமை நக்கிய சுவர்

இராஜபாளையத்தில் நான் பிரஸ் ஆபரேட்டராக இருந்த ஷெட்டில், பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, நெல் உமி கலந்து, சுவருக்கான ஷீட் அடிப்போம். செங்கல்லைவிட மலிவு. ஆனால் எண்பதுகளின் கடைசியில் அதை நம்பி வாங்க ஆளில்லை. ஒரே ஒரு இன்ஜினியர் மட்டும், மாதிரிக்கு ஒரு கழிப்பறை கட்டிக் காட்டுங்கள், பிடித்தால் ஐம்பதுக்கு ஆர்டர் தருகிறேன் என்றார். அதுவும் கிடைக்காவிட்டால் ஷெட்டை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மம்சாபுரத்தில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் தன் வீட்டுப் பின்புறத்தில் இடம் கொடுத்தார்.

ஷீட் அடிக்க வேண்டிய அன்று பார்த்து ரைஸ் மில்லில் உமி இல்லை. தவிடு இருந்தது. இரண்டும் நெல்லிலிருந்து வருவதுதானே என்று யாரிடமும் கேட்காமல் தவிட்டை மிக்சரில் கொட்டினேன். ஷீட் பளபளவென்று வந்தது. வறுத்த தவிட்டு வாசனை வேறு. முதலாளி மோந்து பார்த்துவிட்டு, குவாலிட்டி கூடியிருக்கிறது என்றார். நான் அடுத்த ஷீட்டை அடிக்கப் போய்விட்டேன்.

கட்டி முடித்த கழிப்பறையைப் பார்வையிட வந்த இன்ஜினியர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார். வெளியிலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். மறுபடி தட்டினார். இந்த முறை கூரையே ஆடியது.

"யாருய்யா அது, சுவத்த இடிக்கது?" என்றார் உள்ளேயிருந்து.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஹவில்தாரின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பின்சுவரை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி அலுத்தால் ஒரு முட்டு.

"நம்ம மயிலுதான் சார். ஒண்ணும் செய்ய மாட்டா. செத்த நேரம் உள்ளேயே இருங்க" என்றார் ஹவில்தார் நிதானமாக.

நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் மயிலு நகர்ந்தாள். வியர்த்து வெளியே வந்த இன்ஜினியர், மாடு ஏன் சுவரை நக்குகிறது என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். தவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அத்தோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

இன்ஜினியர் பின்பக்கம் போய், எச்சிலைத் துடைத்துவிட்டுச் சுவரைத் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை.

"எரும இம்புட்டு முட்டியும் ஒடையலயே. ஆர்டர் தாரேன். ஆனா உமிதான் போடணும்" என்றார்.

இப்போது பிரஸ்ஸில் நிற்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கலவையில் எதை மாற்றினாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எருமை வந்து சொல்லும்வரை விட்டுவைக்காதீர்கள்.