சூளைக்காரர் கொண்டுவந்த மஞ்சள் களிம்பு

நான் முதன்முதலாகச் செத்துப்போனது மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது. அதற்குப் பிறகு பல்வலியில் ஒருமுறை, போன வருஷம் ஏப்பம் வராமல் ஒருமுறை என்று பல தடவை செத்திருக்கிறேன். இப்போதெல்லாம் நான் சாகும்போது என் மனைவி அடுப்படியை விட்டு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த முதல் சாவுக்குத்தான் வீடே கூடி நின்றது.

அப்பாவுக்கு ஒரே தங்கை. அத்தை எங்களோடுதான் இருந்தாள். விருத்தாசலத்தில் அப்போது தெருவுக்குத் தெரு பீங்கான் பட்டறை. அப்படி ஒரு பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவும் வேலை அத்தைக்கு. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவளுக்குச் சோறு கொண்டுபோவது என் உத்தியோகம்.

அன்றைக்குச் சூளை பிரித்திருந்தார்கள். பலகைமேல் வெள்ளை நாய்க்குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடுப்புக் கரியாவது சிவந்து காட்டி எச்சரிக்கும். பீங்கானுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. உள்ளே அத்தனை சூட்டையும் வைத்துக்கொண்டு வெளியே தயிர்போல இருக்கும். நல்ல நாயாகப் பார்த்து உள்ளங்கை நிறைய எடுத்தேன். நாய் உடைந்த சத்தத்தை என் சத்தம் அமுக்கிவிட்டது.

பட்டறையில் யாருக்குக் கை சுட்டாலும், அச்சில் ஊற்றக் கரைத்து வைத்திருக்கும் களிமண் தொட்டியில் முக்கிவிடுவார்கள். ஜில்லென்று இருக்கும். என் கையையும் யாரோ முக்கினார்கள். காற்றில் அந்தக் களிமண் காய்ந்து, கை வெளுத்து, விரல் மடங்காமல் போயிற்று. பக்கத்தில் பிசிறு சீவிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, இனி சூளையில் வைத்து எடுத்தால் பொம்மை தயார் என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். கையைத் தூக்கிப் பிடித்தபடி பட்டறையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியவர் சூளை எரிக்கிறவர். வேப்பூர்ப் பக்கத்து ஆள். தாய் தகப்பன் இல்லாதவர். தண்ணீரில் வெகுநேரம் கையை வைத்துக் கழுவிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து மஞ்சள் களிம்பைத் தடவினார்.

“பீங்கானா ஆவணும்னா ஒரு வண்டி வெறவு வேணும்டா. ஒனக்காக அவ்ளோ செலவு யாரு பண்ணுவாங்க?” என்றார்.

விறகு விலை என் உயிரைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் டியூபோடு வீட்டுக்கே வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அவர் வருகிற நேரத்துக்கு அத்தை முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டாள். விருந்தாளிக்கென்று வைத்திருந்த டம்ளரில் காபி வந்தது. அம்மா பெருமூச்சு விட்டாள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எனக்கு வந்திருப்பது தீராத வியாதி என்று முடிவு கட்டினேன். பிழைக்கிற பிள்ளைக்கு யார் இவ்வளவு செய்வார்கள்? டியூப் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தினமும் பார்ப்பேன். அது தீரும்போது நானும் தீர்ந்துவிடுவேன் என்பது என் கணக்கு.

ஒருநாள் கோலி விளையாடிவிட்டு வந்தேன். கொல்லையில், கிணற்றுப் பக்கம், சூளைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றிருந்தார். முழங்கை வரைக்கும் பழைய தீக்காயத் தழும்புகள்; நடுவில் புதிதாக ஒன்று. அத்தை என் டியூபை வாலிலிருந்து பிதுக்கி, அவர் கையில் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். ஊதி ஊதித் தடவினாள். எனக்கு ஒருநாளும் ஊதியதில்லை.

அப்போதுதான் அரிசி மண்டியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திய அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, அத்த எம் மருந்தையெல்லாம் அவருக்கே தடவுது.”

அப்பா கொல்லைப்பக்கம் போனார். அவர் சத்தம் போடவில்லை. “நாளைலேருந்து வர வேணாம் தம்பி” என்றார். அவ்வளவுதான். சூளைக்காரர் டியூபைக் கிணற்றுக் கட்டையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

அதோடு அத்தையின் பட்டறை வேலையும் நின்றது. கருவேப்பிலங்குறிச்சியில் நிலபுலன் உள்ள ஓரிடத்தில் அப்பா ஏற்கெனவே அவளுக்குப் பேசி வைத்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சூளைக்காரர் நல்ல பிள்ளைதான் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். காணி நிலம் இல்லாதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று அப்பா கேட்டார். அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை. என் காரணம் வேறு. டியூபில் மிச்சமிருந்ததை நானே பிதுக்கித் தடவித் தீர்த்துவிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். என் கோலிகளை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன், கண்ணாடிக் கோலியைத் தவிர; அதை என்னோடு வைத்துவிடச் சொன்னேன். பிறகு, அந்த மருந்துக்காரர் வந்தால்தான் பிழைப்பேன் என்று கதறத் தொடங்கினேன். அடுப்படி வாசலில் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. என்னை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்கு அந்த வேதனையிலும் ஒரு நிறைவு.

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கையில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் மூடி எத்தனையோ நாளாகியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆமா, இன்னும் ஆறலதான்” என்றார். “மருந்து போட்டவரே வந்து பாக்கணும்.”

அம்மா தணிந்த குரலில் கேட்டாள்: “அப்ப நாளைக்கி வரவங்களுக்கு என்னாங்க சொல்றது?”

“புள்ளைக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லியனுப்பு.”

அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. விருந்தாளியையே நிறுத்துகிறார்கள் என்றால் விடிகிறவரை தாங்கமாட்டேன்போல. அத்தை ஓடிவந்து என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை முழுக்க ஈரமாயிற்று.

அப்பா சைக்கிளில் போய் அவரைக் கேரியரில் உட்காரவைத்து அழைத்து வந்ததும், தை மாதம் அவர் எனக்கு மாமாவானதும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடிபடாமல் இருந்தது அப்பா கிளம்பிப் போன அந்தக் கொஞ்ச நேரம்தான்.

எங்கள் தெருமுனையிலேயே ஒரு மருந்துக் கடை உண்டு. கண்ணாடி அலமாரியில் அதே மஞ்சள் களிம்பு டியூப்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அத்தையின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். கடை திறந்துதான் இருந்தது. அதன் விளக்கு வெளிச்சம் ஒரு நொடி அப்பாவின் முதுகில் விழுந்தது. அவர் நிற்கவில்லை, பட்டறைப் பக்கம் திரும்பி வேகமாக மிதித்துப் போய்விட்டார். அப்பாவுக்கு என் அவசரம் புரியவில்லையே என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.