உச்சியைத் தொட்டவர்கள்

வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் நம்பிக் காட்டிலும் மேட்டிலும் ஓடும் போட்டி அது. நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றிலிருந்து நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி மெக்கானிக்கல் படிக்கும் ஜைபா. யாரிடமும் வழி கேட்கக் கூடாது என்பது விதி. பயிற்சி நடந்த அந்த வாரம் அவள் சாலையோரம் ஓடத் தொடங்கினாலே போதும், பைக்குகள் வந்து நின்றன. "பர்கூர் பஸ்ஸை உட்டுட்டியா பாப்பா? ஏறிக்க." ஓட்டத்தைவிட, வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு மூச்சு வாங்கியது. வழியும் தப்பியது.

"மேப் பொய் சொல்லாது, நீங்கதான் தப்பா படிக்கிறீங்க," என்று உடற்கல்வி ஆசிரியர் தினமும் கத்தினார். அவர் மைதானத்தைத் தாண்டி வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில், வரைபடத்திலிருந்த குன்றின் உச்சியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மற்ற மூவரும் டீக்கடையைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜைபா ஏரிக்கரை, புளியந்தோப்பு, முனியப்பன் கோயில் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஓடினாள். முதன்முறையாக எதுவும் பிசகவில்லை. போய் நின்ற இடத்தில் பெரும்பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர்.

விதியாவது ஒன்றாவது என்று, பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்திருந்த காவலாளியிடம் கேட்டேவிட்டாள். "அண்ணா, இங்க ஒரு மலை இருக்கணுமே?"

"அதுவா? கிரானைட்டா அறுத்து லாரி லாரியா அனுப்பியாச்சே பாப்பா."

மலையே இல்லை என்று திரும்பி வந்து சொன்னவளை ஆசிரியர் ஏற இறங்கப் பார்த்தார். "வழி தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இவங்கள்லாம் உச்சி வரைக்கும் போயிட்டு வரல?"

மூவரும் பணிவாகத் தலையாட்டினார்கள்.

"மேல நல்ல காத்து சார்," என்றான் ஒருவன்.