கை கழுவப் போன நேரம்

மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில், திண்டுக்கல் பைபாஸில் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. ஓட்டலுக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் போனோம். மகன் கார், மகள் கார் என்று இரண்டு கார்கள். மெனுவைப் பார்த்ததுமே என் கணவர், "ஒரு பரோட்டாவுக்கு இம்புட்டு விலையா?" என்று முணுமுணுத்தார். பில் வந்தபோதும் எல்லோருக்கும் அதே பேச்சு. நான் எழுந்து கை கழுவப் போனேன். அங்கே நீள வரிசை.

திரும்பி வந்தால் எங்கள் மேஜையில் வேறு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வாசலுக்கு ஓடினேன். இரண்டு கார்களையும் காணோம். நான் மற்ற காரில் வருவதாக ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

கைப்பையில் போன் இருந்தது. நானே கூப்பிட்டிருக்கலாம். யார் முதலில் தேடுகிறார்கள், பார்ப்போம் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்குப் பரிமாறியவர் வெளியே வந்து, "யாருக்கும்மா காத்திருக்கீக? செத்த நேரம் உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

"இப்ப வந்துருவாகய்யா" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து மகன் அழைத்தான். "அம்மா, நாங்க சின்னாளபட்டி வந்துட்டோம். அப்பாவும் நீயும் வர்ற கார் எங்க வந்துக்கிட்டு இருக்கு? வீட்டுச் சாவி உன்கிட்டதான இருக்கு?"

"சாவி இருக்குப்பா. நான் இன்னும் ஓட்டல்லதான் இருக்கேன்."

பதறிப்போய் வந்து அழைத்துப் போனான். வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், இடத்தை விட்டு எழும் முன், "நான் வந்தப்புறம் கெளம்புங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டாலும் தேடுவார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

- வாசகி, சின்னாளபட்டி