தராசு மலையேறிய நாள்

இலங்கையில், பெல்மதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணியாக இருந்தேன். தோட்ட மேலாளரான துரை திடீரென்று, ஒருவர் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தைப் பதினெட்டுக் கிலோவாகக் கூட்டிவிட்டார். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இயல்பில் கூச்சக்காரனான நான், துரைக்குப் பயந்து, "கை அசையுதா இல்லையா?" என்று கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள், அவர்களில் ஒருவரான லெச்சுமியக்கா நிறைந்த கூடையை என் முன்னால் வைத்தார்.

"கத்துனது போதுங்க கங்காணி. இத ஒருதரம் நீங்களே கீழ கொண்டுபோய் நிறுத்துட்டு வாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். ரோஷத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கினேன். நிறுத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி ஏறியபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. அவர்கள் தினமும் மூன்று முறை அப்படி நடந்தார்கள்!

அன்று மாலையே துரையின் முன் நின்றேன். "தராச மேல மலைக்கே கொண்டு போனா என்னங்க தொர?" என்று கேட்டுவிட்டேன். "செஞ்சு பாரு" என்றார் அவர்.

மறுநாள் மலையிலேயே தராசைக் கட்டினோம். கடைசி நிறுவையோடு லெச்சுமியக்காவுக்கு இருபது கிலோ! மற்றவர்களும் பதினெட்டைத் தாண்டினார்கள். அவர்களோடு நானும் கூவிவிட்டேன்.

"இப்பக் கத்துங்க பாப்போம்!" என்றார் அக்கா.

இன்றும் யாரையாவது சோம்பேறி என்று சொல்ல வாயெடுத்தால், அந்தக் கூடையின் கனம் என் முதுகில் ஏறிவிடுகிறது.